நித்திரை விற்பவர்களிடம் போகுமுன்

சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஒரு விடியற்காலையில் சுன்னாகம் சந்தை வாசலில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு கமக்காரரைக் கண்டேன். வசாவிளானில் பிறந்தவர். 1990ஆம் ஆண்டு யூன் மாதம் குடும்பத்தோடு வெளிக்கிட்டபோது அவருக்குப் பதினைந்து வயது. முகாம், உறவினர் வீடு, மறுபடியும் முகாம் என்று அலைந்து, இப்போது சுன்னாகத்துக்குக் கிழக்கே ஏழு பரப்புக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்கிறார். பிறந்த காணி இன்னும் வேலிக்கு அப்பால்தான் கிடக்கிறது.

வெங்காயப் பிடிகளை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து நீட்டினார். நித்திரையின்மை, பயம், படபடப்பு, குடிப்பழக்கம், பிள்ளைகளின் பரீட்சைப் பயம், யாவற்றுக்கும் மனோவசிய முறையில் நிரந்தரத் தீர்வு; மூன்றே அமர்வுகள் போதும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

“உதைப் பற்றி என்ன நினைக்கிறியள், மாஸ்டர்?”

“நீர் போக யோசிக்கிறீரோ?”

“ஒருக்காப் போட்டு வந்திட்டன். மனிசியின்ரை தோட்டை அடைவு வைச்சுத்தான் போனனான்.”

எனக்குக் கோபம் வந்தது. நாலு வார்த்தை ஏசவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: “ஆனால் பொய் சொல்லேலாது, மாஸ்டர். அண்டைக்கும் அடுத்த நாளும் நல்லாய் நித்திரை கொண்டனான். எத்தினை வருசத்துக்குப் பிறகு! மூண்டாம் நாள் பழையபடி தொடங்கீற்றுது.”

அந்த இரண்டு இரவு நித்திரை எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரியாமல் அவரை ஏசுவது நியாயமில்லை என்று அப்போது பட்டது. வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைக் கிளறினேன். உளமருத்துவம் தெரிந்த இரண்டொருவரோடும் பேசினேன். அதன் பயனாக எனக்குள் உருவான கருத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு இரவுகளையும் அவருக்குக் கொடுத்தவர் அந்த நிபுணர் அல்லர். அவை அவருடைய சொந்த முதல். தன் முதலை வாங்குவதற்கே அவர் மனைவியின் தோட்டை அடைவு வைத்திருக்கிறார்.

ஓயாத மனம் என்றால் என்னவென்று இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. “மண்டைக்குள்ளை மெசின் ஓடுது” என்று எங்கள் சனம் சொல்வது மிகப் பொருத்தமான சொல். கிணற்றில் தண்ணீர் வற்றிய பின்னும் நீரிறைக்கும் மெசினை நிறுத்தாமல் விட்டால் என்ன நடக்கும்? சத்தம் இருக்கும், சூடு இருக்கும், வாய்க்காலில் ஒரு சொட்டும் வராது. கடைசியில் மெசின்தான் பழுதாகும். இரவு இரண்டு மணிக்கு விழித்திருந்து உரக்கடையின் கடனையும் மகளின் பள்ளிக்கூடச் செலவையும் நூறாவது தடவை கூட்டிக் கழிக்கும் மனமும் அப்படித்தான் ஓடுகிறது.

இதை மனப்பலவீனம் என்று எண்ணுவது பிழை. உடம்பிலே ஆபத்தை அறிவிக்கும் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. ஆபத்து வந்தவுடன் நெஞ்சு வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும், நித்திரை கலையும். ஓடவோ எதிர்க்கவோ உடம்பு ஆயத்தமாகிறது. ஆபத்து நீங்கினால் இவை தாமாகத் தணிய வேண்டும். ஆனால் பல வருடங்களாக விமானச் சத்தத்துக்கும் ஷெல் சத்தத்துக்கும் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய உடம்பு அந்தக் காவலைத் தளர்த்த மறந்துவிடுகிறது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு கொட்டும் மழையில் வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாக நகர்ந்ததை நடந்து அறிந்தவர்களுக்கு, இன்றும் இரவில் திடீரென்று பலமாக மழை பெய்தால் காரணமில்லாமல் வயிற்றைக் கலக்கும். அது விசர் இல்லை. உடம்பு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி மனோவசியத்துக்கு வருவோம். இந்தச் சொல்லே எங்களைப் பிழையான வழியில் கொண்டுபோகிறது. வசியம் என்றவுடன் மை, தாயத்து, ஒருவரைத் தன்வசப்படுத்தல் என்றுதான் எண்ணுகிறோம். எவருடைய கண்ணிலோ விரலிலோ ஒரு சக்தி இருக்கிறது, அது எங்களுக்குள் பாய்கிறது என்ற எண்ணம். இதே எண்ணம் ஐரோப்பாவையும் ஒரு காலம் பிடித்து ஆட்டியது. வியன்னாவிலிருந்து பாரிசுக்கு வந்த மெஸ்மர் என்ற டொக்டர், தம்மிடமிருந்து ஒருவகைக் காந்தத் திரவம் நோயாளிக்குள் செல்கிறதென்று சொல்லிப் பெரும் பெயரும் பணமும் சம்பாதித்தார். 1784இல் பிரான்சிய மன்னர் அதை ஆராய ஒரு குழுவை நியமித்தார். பெஞ்சமின் பிராங்ளின் அந்தக் குழுவில் ஒருவர். அவர்கள் செய்த சோதனை மிகச் சாதாரணமானது. காந்தம் செலுத்துகிறோம் என்று சொல்லிவிட்டுச் செலுத்தாமல் இருந்தார்கள், நோயாளி நடுங்கினார். சொல்லாமல் செலுத்தினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. திரவம் என்று எதுவுமில்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை கொடுத்துவிட்டு அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

கற்பனைக்கு அத்தனை வல்லமை இருக்குமானால் அதை நல்லதற்குப் பயன்படுத்தலாமே என்று கேட்டவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்து மனிதர். கோவாவில் கண்டோலிம் என்ற ஊரில் 1756இல் பிறந்து, உரோமையில் குருவாகி, பாரிசில் வாழ்ந்த அருட்தந்தை பாரியா. 1813இல் அவர் பாரிசில் பகிரங்க வகுப்புகள் நடத்தினார். நோயாளியைக் கதிரையில் அமர்த்தி, கண்களை மூடச் சொல்லி, உறங்குங்கள் என்று கட்டளையிடுவார். பிறகு சபையோருக்கு விளக்குவார். இந்த உறக்கம் என்னிடமிருந்து போகவில்லை; காந்தமும் இல்லை, திரவமும் இல்லை; உறங்குகிறவருடைய நம்பிக்கையும் மனக்குவிவுமே இதைச் செய்கின்றன என்பதே அவர் கருத்து. பாரிசு அவரைப் பார்த்துச் சிரித்தது. மேடையில் அவரைக் கேலி செய்து நாடகம்கூடப் போட்டார்கள். 1819இல் வறுமையில் இறந்தார். இன்று பனாஜி நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

கோவா என்றதும் எனக்கு இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சில்லாலையில் மறைந்திருந்து பணிசெய்த யோசவ்வாஸ் அடிகளும் அந்த மண்ணிலிருந்து வந்தவரே. 2015இல் அவர் புனிதராக்கப்பட்டபோது எங்கள் பக்கத்தில் கொண்டாடினோம். பாரியா அடிகளை யாரும் கொண்டாடவில்லை. புனிதர் பட்டத்துக்கு அவர் உரியவரென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு உண்மை எங்கள் முகாம்களுக்கு வந்து சேர்ந்திருந்தால் எத்தனையோ தோடுகள் அடைவுக்குப் போயிருக்கமாட்டா.

அவருக்குப் பின் மான்செஸ்டரில் வாழ்ந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1840களில் இதை ஆராய்ந்து, உறக்கம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிப்னோடிசம் என்ற பெயரைக் கொடுத்தார். பிற்பாடு அந்தப் பெயர் பொருந்தாதென்று அவரே வருந்தினார். ஏனெனில் இது உறக்கமே அன்று. அதே காலத்தில் வங்காளத்தில் ஹூக்ளி வைத்தியசாலையில் எஸ்டெயில் என்ற டொக்டர், மயக்க மருந்து வருவதற்கு முன்பே, இந்த முறையால் நோயாளிகளின் வலியைத் தணித்துப் பெரிய சத்திரசிகிச்சைகளைச் செய்தார். 1955இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் இதைத் தகுந்த மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. பாவம் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1957 பெப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில், டொக்டர் ஒருவர் சிகிச்சைக்காக, உரிய முன்னெச்சரிக்கையோடு இதைப் பயன்படுத்துவதை அனுமதித்தார். விளையாட்டாகச் செய்வதை அவர் விரும்பவில்லை. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தமிழில் இதற்கு அறிதுயில் என்ற அழகான சொல் உண்டு. அறிவு விழித்திருக்கும் துயில். அந்த நிலையில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நாய் குரைப்பதும் தெரியும், பஸ் போவதும் தெரியும். அவற்றின் பின்னே மனம் ஓடாது. ஒரே சொல்லில், ஒரே உணர்வில் தங்கியிருக்கும். தேர்ச்சி பெற்ற உளமருத்துவர் அந்த வேளையில் சொல்லும் நல்ல வார்த்தை ஆழமாகப் பதியும். சிலருக்கு இந்த நிலை விரைவில் கைகூடும், சிலருக்குப் பல நாள் பயிற்சி வேண்டும், சிலருக்கு அவ்வளவாகக் கைகூடுவதே இல்லை. இதற்கும் அறிவுக்கும், மனவலிமைக்கும், பக்திக்கும் சம்பந்தமில்லை. அவரவர் இயல்பு.

எங்கள் கமக்காரர் பெற்ற இரண்டு இரவுகளுக்கு இதுதான் விளக்கம். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் யாரோ அவரை அமைதியான அறையில் அமர்த்தி, மெதுவான குரலில், உமது கை கனக்கிறது, உமது மூச்சு ஆறுதலாக வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அவருடைய உடம்பு அதை ஏற்றுக்கொண்டது. காவல் தளர்ந்தது. அந்த நிபுணர் செய்யவேண்டியிருந்த, ஆனால் செய்யாமல் விட்ட ஒன்று உண்டு. இதை நீரே வீட்டில் செய்யலாம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்தால் இரண்டாம் அமர்வுக்கு ஆள் வராது.

தானே செய்யலாம் என்பது என்னுடைய கண்டுபிடிப்பு அன்று. பேர்லினில் ஷூல்ட்ஸ் என்ற உளமருத்துவர் 1932இல் இதற்கென்றே ஒரு பயிற்சியை வகுத்து வெளியிட்டார். கை கனக்கிறது, கை சூடாகிறது என்று தனக்குத்தானே சொல்லிப் பழகுவதே அதன் தொடக்கம். எங்கள் மண்ணிலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் அவர்கள், போர்க்காலத்தில் இங்கே நின்று பணியாற்றியவர், இதை இன்னும் எளிமையாக்கினார். மேல்நாட்டிலிருந்து புதுச்சரக்கு இறக்குமதி செய்யத் தேவையில்லை, எங்கள் பாட்டன் பாட்டிகள் வைத்திருந்ததை மறக்காமல் இருந்தால் போதும் என்பதே அவர் நிலைப்பாடு. சைவருக்குப் பிரணவம், கத்தோலிக்கருக்குச் செபமாலை அல்லது இயேசுவின் நாமம், முஸ்லிம்களுக்குத் திக்ரு, பௌத்தருக்குச் சரணம். கூடவே மூச்சுப் பயிற்சி, சாந்தியாசனம். அவரவருக்குப் பழகிய சொல்லைக் கொண்டே அவரவர் மனத்தைத் தணிக்கலாம் என்று உளவளத்துணையாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கற்பித்தார். 1987இல் தொடங்கப்பட்ட சாந்திகம் போன்ற நிலையங்கள் வழியாக இந்த முறைகள் பல கிராமங்களுக்குப் போயின.

இதில் பக்தி வேறு, மருத்துவம் வேறு என்று சண்டைபிடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள், செபமாலையின் அருள்நிறை மரியே செபத்தை இலத்தீனிலும், ஒரு வடமொழி மந்திரத்தையும் சிலரைச் சொல்லச் செய்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்து பார்த்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. சாதாரணமாக நாங்கள் நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் மூச்சு விடுகிறோம். அந்த ஆறு என்ற வேகத்தில் இதயமும் இரத்தோட்டமும் ஒத்திசைந்து ஆறுதலடைகின்றன. செபம் அதற்காக மட்டும் ஏற்பட்டதல்ல என்பது வேறு விடயம். ஆயினும் எங்கள் வயதுபோன அம்மாமார் பதுங்குகுழிக்குள் செபமாலையோடும் திருநீற்றோடும் இருந்தபோது ஏன் பிள்ளைகளைவிட நிதானமாக இருந்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

துலா மிதித்து இறைத்த காலத்தை அறிந்தவர்கள் எங்களில் இன்னும் சிலர் இருக்கிறோம். என் தகப்பனார் துலா மிதிக்க, பெரியப்பா பட்டை பிடிப்பார். காலும் கையும் ஒரே தாளம். பட்டை இறங்கும்போது ஒரு மூச்சு, ஏறும்போது ஒரு மூச்சு. விடிய நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை அதே அசைவு. அந்த நேரத்தில் அவர்களுடன் யாரும் கதை கொடுக்க முடியாது. கண் திறந்திருக்கும், ஆள் வேறெங்கோ நிற்பார். வறுமை இல்லாத காலமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களுக்கு நித்திரைக்குளிசை தேவைப்பட்டதாக நினைவில்லை. மெசின் வந்தது நல்லதுதான். முதுகு பிழைத்தது. அந்தத் தாளம் மட்டும் போய்விட்டது.

சரி, செய்வது எப்படி? எனக்குச் சொல்லித் தரப்பட்டதையும் நான் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன்.

பின்னேரம் தோட்டத்தால் வந்து குளித்தபின், அல்லது படுக்கப் போகுமுன், பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீடு முழுவதும் ஒரே அறையாக இருக்கும் முகாம் குடிசையில் தனியிடம் கிடைக்காது. பரவாயில்லை, கிணற்றடி, விறாந்தை, மாமர நிழல், கோவில் மண்டபம் எதுவும் உதவும். சுவரில் சாய்ந்து இருக்கலாம், பாயில் மல்லாந்து படுக்கலாம். முதலில் கைகளை இறுக்கிப் பொத்தி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து, விட்டுவிடுங்கள். அவ்வாறே தோள், முகம், வயிறு, கால். இறுக்கினால்தான் தளர்வது என்னவென்று உடம்புக்குத் தெரிகிறது. பிறகு மூச்சு. உள்ளே எடுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். சூடான தேநீரை ஊதுவதுபோல மெதுவாக. பத்து மூச்சு. பிறகு வலது கை கனக்கிறது, இடது கை கனக்கிறது என்று மனத்துக்குள் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். மண்வெட்டி பிடித்த கை கனக்காமல் என்ன செய்யும்? அதன்பின் உங்களுக்குப் பழகிய ஒரு திருநாமத்தையோ சொல்லையோ வெளிமூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருங்கள்.

யோசனைகள் வரும். நிச்சயமாக வரும். வரம்பில் வந்து குந்தும் காகத்தைக் கல்லெறிந்து கலைத்தால் நாலு காகம் சேர்ந்து கரையும். குந்திவிட்டுப் போகட்டும் என்று விட்டு, உங்கள் சொல்லுக்குத் திரும்பி வாருங்கள். அன்றைக்கு நூறு தடவை திரும்பி வந்தீர்களானால் நூறு தடவை பயிற்சி செய்திருக்கிறீர்கள். முடிக்கும்போது துள்ளி எழாமல், கைகால்களை அசைத்து, கண் திறந்து, சற்று இருந்து எழும்புங்கள். மெசின் ஓடும்போதோ, மோட்டார் சைக்கிளிலோ இதைச் செய்யக்கூடாது. முதல் கிழமையில் ஒன்றும் தெரியாது. வெங்காயம் நட்டு மூன்றாம் நாள் கிழங்கு தோண்டிப் பார்ப்பவர் யாருமில்லை.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். பயங்கரங்களைக் கண்டவர்கள் சிலருக்குக் கண்ணை மூடியவுடன் அந்தக் காட்சிகளே வரும். அப்படியானால் மூட வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதத்தை நிலத்தில் ஊன்றி, எதிரே தெரியும் தென்னையையோ கிணற்றுக் கட்டையோ பார்த்தபடி மூச்சை மட்டும் கவனியுங்கள். நம்பிக்கையான ஒருவர் அருகில் இருக்கட்டும். அப்போதும் தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிட்டு வைத்தியரைக் காணுங்கள். யாருமில்லாத இடத்தில் குரல் கேட்கிறவர்கள், எல்லோரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் ஆகியோருக்கு அறிதுயிலும் வேண்டாம், தியானமும் வேண்டாம். அவர்களுக்கு மருந்து வேண்டும். தெல்லிப்பழையிலும் யாழ்ப்பாணத்திலும் அரசாங்க வைத்தியசாலைகளில் உளமருத்துவ சேவை உண்டு, பணம் இல்லை. ஏற்கெனவே குளிசை எடுப்பவர்கள் எந்த நிபுணர் சொன்னாலும் டொக்டரைக் கேளாமல் அதை நிறுத்தக்கூடாது.

இன்னொரு வகை வியாபாரம் எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை எங்கே இருக்கிறது என்று அறிதுயிலில் கண்டு சொல்ல முடியும், மறந்துபோன நினைவைத் தோண்டி எடுக்க முடியும் என்று சிலர் சொல்கிறார்கள். முடியாது. அந்த நிலையில் ஒருவர் காண்பதில் எது நடந்தது, எது ஆசைப்பட்டது, எது கேட்டவர் ஊட்டியது என்று பிரித்தறிய வழியில்லை. நடக்காததையே நடந்ததாக உறுதியாக நம்பச் செய்துவிடும். பல நாடுகளின் நீதிமன்றங்கள் இப்படிப் பெறப்பட்ட சாட்சியத்தை ஏற்கத் தயங்குவது இதனாலேயே. ஒரு தாயின் எதிர்பார்ப்பை வைத்துப் பணம் பண்ணுவதைவிட இழிவான தொழில் எனக்குத் தெரியவில்லை.

மறுபுறத்தில், எங்களைப் போன்ற நிறுவனங்களும் சொல்லக் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. இடம்பெயர்ந்தோருக்கு மனஅமைதிப் பயிற்சி என்று பதாகை கட்டி, வருகை இடாப்பில் ஒப்பம் வாங்கி, ஒரு சாப்பாட்டுப் பொதியும் கொடுத்து, படமெடுத்து அனுப்பிவிட்டுப் போன பட்டறைகள் எத்தனை! ஒருநாள் மூச்சுப் பயிற்சி யாருக்கும் ஒன்றும் செய்யாது. அதைவிட மோசமானது, காணியைக் கேட்டு நிற்பவனுக்கு மனத்தை அமைதிப்படுத்து என்று புத்தி சொல்வது. வலிகாமம் வடக்கில் பல ஊர்கள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகமும் விடப்பட்டது. ஆயினும் ஒரு பகுதி இன்னும் விடப்படவில்லை. வேலிக்கு அப்பால் தன் கிணற்றைப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் தண்ணீருக்குக் காசு கொடுப்பவனுடைய மனம் ஓயாமல் இருப்பது நோயா, நியாயமா? 2014, 2015இல் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்துவிட்டது என்று பீதியுற்ற சனத்துக்குத் தேவைப்பட்டது தியானம் அல்ல, தண்ணீர்ப் பரிசோதனையும் நல்ல தண்ணீரும். கவலைக்குக் காரணம் வெளியில் இருக்கும்போது அதைத் தேடிப் போகவேண்டும். போவதற்குத் தெம்பு வேண்டும், தெம்புக்கு நித்திரை வேண்டும். அந்த அளவுக்குத்தான் இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைக்கிறேன்.

தோட்டக்காரர் வீடுகளுக்கு மட்டும் உரிய ஆபத்தொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே அதிகமாகத் தற்கொலை நடந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. பயிருக்கு அடிக்கும் மருந்தே அதில் பெரும்பங்கு வகித்தது. கொடிய மருந்துகள் 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டபின் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மனித மனத்தை யாரும் மாற்றவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை எட்டாமல் செய்தார்கள், அவ்வளவே. ஆகவே வீட்டில் ஒருவர் நித்திரையில்லாமல், பேச்சுக் குறைந்து, இனி என்னத்துக்கு என்று சொல்லத் தொடங்கினால், மருந்துப் போத்தல்களை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திப் பூட்டி, திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை அது.

சந்தை வாசலில் கண்ட கமக்காரர் இரண்டாம் அமர்வுக்குப் போகவில்லை. மேலே எழுதிய பயிற்சியை அவருக்கு மூன்று பின்னேரங்கள் கூட இருந்து காட்டினேன். முதல் நாள் அவருக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் குறட்டை விட்டார். இப்போது நாலு, நாலரை மணித்தியாலம் நித்திரை வருகிறதாம். “முந்தியைப் போல இல்லை, ஆனால் பரவாயில்லை” என்றார். பிறகு, “வசாவிளான் விட்டால் உது ஒண்டும் தேவைப்படாது, என்ன மாஸ்டர்?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தோடு இன்னும் அடைவில்தான் இருக்கிறது. தைப்பொங்கலுக்கு முன் மீட்கவேண்டும் என்று அவருடைய மனைவி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.